லூபஸ் நோயறிதல்: நொச்சிக்குப்பம் மீன் விற்கும் பெண்களின் தொழிற்சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்குவதால் தோன்றும் நெடுநாள் நோய் லூபஸ். ஒரு தனி அறிகுறியாலோ ஒரு தனிச் சோதனையாலோ இந்நோயை உறுதிசெய்ய இயலாது. வெவ்வேறு உறுப்புகளில், வெவ்வேறு காலங்களில் தோன்றும் குறிகளை ஒன்றுசேர்த்துக் காண்பதே இந்நோயை அறியும் முறையாகும். சென்னை நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்களின் தொழிற்சூழல், இக்குறிகள் ஒவ்வொன்றுக்கும் நம்பத்தகுந்த வேறொரு காரணத்தை முன்னரே வழங்கிவிடுகிறது. வெயில், உப்புக்காற்று, உழைப்பு, உடற்சூடு ஆகியன அக்காரணங்கள். இவ்விளக்கங்கள் நோயறிதலை எவ்வாறு தாமதப்படுத்துகின்றன, அத்தாமதத்தைக் குறைக்க நோயாளியும் குடும்பத்தினரும் செய்யத்தக்கன யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: லூபஸ், தன்னெதிர்ப்பு நோய், நொச்சிக்குப்பம், மங்கு, மூட்டுவலி, சிறுநீரில் புரதம், நோயறிதல்.

முன்னுரை

சாந்தோமுக்கும் மெரினா கலங்கரை விளக்கத்துக்கும் இடையே கடலையொட்டி அமைந்த மீனவர் வாழிடங்களுள் ஒன்று நொச்சிக்குப்பம். ஆண்கள் கடலிலிருந்து கொண்டுவரும் மீனைக் கரையில் விற்றுப் பணமாக்குவோர் பெரும்பாலும் பெண்களே. நெடுங்காலமாக லூப் சாலையின் ஓரத்தில் கூடை, பலகை, குடை ஆகியவற்றோடு வெயிலில் அமர்ந்து நடைபெற்ற இவ்வணிகம், 2023ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கின் வழியாகப் பொதுக்கவனம் பெற்றது. 2024 ஆகஸ்டில் அச்சாலையிலேயே 366 கடைகள் கொண்ட நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது.

இப்பகுதியில் லூபஸ் நோய் மிகுதி என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. இந்தியாவில் இந்நோயின் பரவலைக் கணக்கிட்ட முன்னோடி ஆய்வு 1993இல் வெளிவந்தது. டெல்லியை அடுத்த ஊரகப் பகுதியில் நடத்தப்பெற்ற அவ்வாய்வு, 1 லட்சம் பேருக்கு 3.2 பேர் என்னும் அளவைக் கண்டது. அரிய நோயாயினும், அது யாரைத் தாக்குகிறது என்பது கருதத்தக்கது. நோயுற்றோருள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் 15 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். குடும்பத்தின் அன்றாட வருவாயைத் தாங்கும் வயதும் அதுவே. அவ்வயதுப் பெண் ஒருத்திக்கு இந்நோய் தோன்றினால், அது நோயெனத் தெரியவரும் வழி எது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

1. நோயின் இயல்பும் பெயரும்

‘லூபஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஓநாய் என்பது பொருள். முகத்தை அரித்துப் புண்ணாக்கும் தோல் நோய்களை ஓநாயின் கடிக்கு ஒப்பிட்டு இடைக்கால ஐரோப்பிய மருத்துவர் இப்பெயரை வழங்கினர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது தோல் நோயாகவே கருதப்பட்டது. 1872இல் மோரிட்ஸ் கபோசி என்னும் வியன்னா மருத்துவர், தோலில் தோன்றும் இந்நோய் காய்ச்சல், மூட்டுவலி முதலியவற்றோடு உடல் முழுவதையும் பற்றக்கூடும் எனக் காட்டினார். பின்னர் வில்லியம் ஆஸ்லர், தோலில் குறி ஏதுமின்றியும் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படலாம் என்பதை விளக்கினார். முகத்தில் தெரிவதே நோய் என்னும் எண்ணத்திலிருந்து விடுபட மருத்துவ உலகிற்கே இத்தனை காலம் தேவைப்பட்டது.

கிருமிகளை எதிர்க்க உருவாகும் எதிர்ப்பொருள்கள், இந்நோயில் உடலின் சொந்த உயிரணுக்களின் உட்கருவையே பகையெனக் கொள்கின்றன. உட்கரு எல்லா உறுப்புகளிலும் இருப்பதால் தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம், நுரையீரல் உறை, இதய உறை, மூளை என எதுவும் பாதிக்கப்படலாம். இருவருக்கு ஒரே வகையாக இந்நோய் வருவதில்லை. சில மாதங்கள் சீறுவதும், பின்னர் தானே தணிவதும், மீண்டும் சீறுவதும் இதன் இயல்பு. தணியும் காலத்தில் ‘நோய் போய்விட்டது’ எனக் கருதி விட்டுவிடுவது தாமதத்தின் முதற்காரணம் ஆகிறது.

இது தொற்றுநோய் அன்று, புற்றுநோயும் அன்று. மருத்துவமனைகளில் ‘எஸ்.எல்.இ.’ என்னும் சுருக்கப் பெயரே நோயாளியின் சீட்டில் எழுதப்படுகிறது. சென்னையில் வளர்ந்த நடிகை சமந்தா 2022 அக்டோபரில் தமக்குத் தசையழற்சி நோய் இருப்பதை வெளியிட்டபோது, ‘தன்னெதிர்ப்பு நோய்’ என்னும் வகைப்பாடு தமிழ் வாசகர் பலருக்கு அறிமுகமானது. லூபஸ் அவ்வகையைச் சேர்ந்த மற்றொரு நோயாகும்.

2. அறிகுறிகளும் அவற்றை மூடும் சொற்களும்

*2.1 முகத்தில் படரும் தடிப்பு.* இரு கன்னங்களிலும் மூக்கின் மேற்புறத்திலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போலத் தடிப்பு தோன்றுவது இந்நோயின் நன்கறியப்பட்ட குறி. மருத்துவ நூல்களின் படங்களில் இது செந்நிறமாகக் காட்டப்படும். மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் அச்சிவப்பு தெளிவாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த கருமையாகவோ காணப்படலாம். இதனைத் தமிழ் மக்கள் ‘மங்கு’ எனக் கருதுவது இயல்பே. மங்கும் கன்னத்திலேயே படர்கிறது, வெயிலால் மிகுகிறது, மகப்பேற்றுக் காலப் பெண்களுக்கே பெரிதும் வருகிறது.

இரண்டையும் வேறுபடுத்தச் சில அடையாளங்கள் உள்ளன. மங்கு மெல்லப் படரும், தடிக்காது, எரியாது. லூபஸ் தடிப்பு வெயிலில் இருந்தபின் சில நாள்களில் திடீரெனத் தோன்றலாம், தொட்டால் சற்று மேடாக இருக்கலாம், எரிச்சல் தரலாம். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்முனைக்குச் செல்லும் மடிப்பை அது பெரும்பாலும் விட்டுவிடும். தடிப்போடு காய்ச்சலோ மூட்டுவலியோ சேர்ந்தால் ஐயம் வலுப்பெறும். மங்குக்கென மருந்துக்கடையில் வாங்கிப் பூசும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதால், அவை தடிப்பைத் தற்காலிகமாக மறைத்து, மருத்துவர் காண வேண்டிய குறியை அழித்துவிடுகின்றன.

*2.2 வாய்ப்புண்ணும் முடியுதிர்வும்.* வாய்ப்புண் ‘சூடு’ எனவும், முடியுதிர்வு உப்புக்காற்றின் விளைவு எனவும் கொள்ளப்படுகின்றன. லூபஸ் நோயில் தோன்றும் வாய்ப்புண் பெரும்பாலும் மேலண்ணத்தில் வரும், வலிக்காமலும் இருக்கலாம். ஆதலால் நோயாளி அதை உணராமலே இருக்கக்கூடும். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தாலன்றித் தெரியாது.

*2.3 மூட்டுவலி.* விரல் கணுக்கள், மணிக்கட்டு, முழங்கால் ஆகியவற்றில் வலியும் வீக்கமும் தோன்றுகின்றன. நாள்தோறும் பனிக்கட்டியில் கைவைத்து, மீன் அரிந்து, கூடை சுமப்பவருக்கு இவ்வலி தொழிலின் விளைவாகவே தோன்றும். இங்கு வேறுபடுத்தும் வினா ஒன்றே: வலி எப்போது மிகுகிறது? உழைப்பால் வரும் வலி மாலையில் மிகுந்து, ஓய்வில் தணியும். அழற்சியால் வரும் வலி விடியலில் மிகும். விரல்களை மடக்க அரைமணி நேரத்துக்கு மேலாகும். வேலையில் ஈடுபட்டபின் சற்றுத் தளரும். இவ்வேறுபாட்டை நோயாளி தாமே சொல்லாவிடில், வலி மாத்திரையோடு அவர் திருப்பி அனுப்பப்படலாம். அத்தகைய மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வது, நோயால் ஏற்கெனவே தாக்குண்டிருக்கக்கூடிய சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

*2.4 காய்ச்சலும் அசதியும்.* காரணம் புலப்படாத இளங்காய்ச்சல், எடைக்குறைவு, உறங்கி எழுந்தும் தீராத அசதி ஆகியன நோயின் தொடக்கத்திலேயே காணப்படலாம். அதிகாலையில் மீன் எடுக்கச் சென்று பகல் முழுதும் விற்பவரின் அசதியை யாரும் நோயெனக் கொள்வதில்லை; அவரும் கொள்வதில்லை.

*2.5 சிறுநீரகம்.* மேற்கூறிய குறிகள் அனைத்தும் துன்பம் தருவன. சிறுநீரகப் பாதிப்போ தொடக்கத்தில் துன்பமே தருவதில்லை. சிறுநீர் நுரைத்தல், காலையில் கண்ணிமை தடித்தல், மாலையில் கணுக்கால் வீங்குதல், இரத்த அழுத்தம் உயர்தல் ஆகியன பின்னரே வெளிப்படும். கால் வீக்கத்தை ‘நீர் கோத்திருக்கிறது’ என்றும், நாள் முழுதும் உட்கார்ந்திருந்ததால் வந்தது என்றும் கூறி விட்டுவிடும் நிலை உண்டு. லூபஸ் நோயில் உயிருக்கு ஊறு விளைக்கும் முதன்மைப் பாதிப்புகளுள் இது ஒன்று. காலத்தில் அறிந்தால் பெரிதும் காக்கக்கூடியதும் இதுவே. சிறுநீரில் புரதம் உள்ளதா எனப் பார்க்கும் எளிய சோதனை எந்த ஆய்வகத்திலும் குறைந்த செலவில் செய்யத்தக்கது.

மங்கு, சூடு, உழைப்புவலி, அசதி, நீர்க்கோவை என்னும் இவ்விளக்கங்களுள் எதுவும் அறியாமையால் பிறந்ததன்று. தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் பெரும்பாலானோர்க்குச் சரியான விளக்கமே. ஐந்தும் ஒரே பெண்ணிடம், ஓரிரு ஆண்டுகளுக்குள் தோன்றும்போதுதான் அவை பிழையாகின்றன.

3. பிற நோய்களோடு மயங்குமிடங்கள்

மருத்துவரிடம் சென்றபின்னும் மயக்கம் தீர்ந்துவிடுவதில்லை. நெடுநாள் இளங்காய்ச்சல், எடைக்குறைவு, நுரையீரல் உறையில் நீர் சேர்தல் ஆகியன காசநோய்க்கும் பொதுவானவை. இந்தியச் சூழலில் மருத்துவர் முதலில் காசநோயை ஐயுறுவது முறையே. காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியசிட் என்னும் மருந்து, அரிதாகச் சிலருக்கு லூபஸ் போன்ற நிலையைத் தோற்றுவிப்பதும் உண்டு. மருந்தை நிறுத்தினால் அது பெரும்பாலும் நீங்கும்.

டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைகின்றன. லூபஸ் நோயிலும் குறையலாம். டெங்குவில் அவை சில நாள்களில் மீள்கின்றன. லூபஸில் குறைவு நீடிக்கிறது அல்லது திரும்பத் திரும்ப வருகிறது. 2006இல் தமிழகத்தில் பெருமளவில் பரவிய சிக்குன்குனியாவுக்குப் பின், காய்ச்சலை அடுத்து வரும் மூட்டுவலியை அதன் தொடர்ச்சியாகக் கொள்வது மக்களிடையே வழக்கமாயிற்று. முடக்குவாதமும் காலைநேர மூட்டு இறுக்கத்தோடு வருவதே. ஆயினும் அது மூட்டெலும்பை அரிப்பது. லூபஸ் பெரும்பாலும் அவ்வாறு அரிப்பதில்லை.

4. சோதனைகள் உணர்த்துவனவும் உணர்த்தாதனவும்

1948இல் மால்கம் ஹார்கிரேவ்ஸும் உடனாய்வாளர்களும் லூபஸ் நோயாளிகளின் எலும்பு மச்சையில் தனித்தன்மை வாய்ந்த ‘எல்.இ.’ உயிரணுவைக் கண்டறிந்ததே இந்நோய்க்கான ஆய்வகச் சோதனையின் தொடக்கம். இன்று முதற்படியாகச் செய்யப்படுவது ‘ஏ.என்.ஏ.’ எனப்படும் உட்கரு எதிர்ப்பொருள் சோதனை. லூபஸ் நோயாளிகளுள் ஏறத்தாழ அனைவருக்கும் இது நேர்மறையாக இருக்கும். எதிர்மறையாக வரின் லூபஸ் அன்று எனப் பெரிதும் கொள்ளலாம்.

இதன் மறுதலை உண்மையன்று. 1997இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றின்படி, நலமுள்ளோருள் 1:80 நீர்ப்பில் 13.3 விழுக்காட்டினருக்கும், 1:160 நீர்ப்பில் 5 விழுக்காட்டினருக்கும் ஏ.என்.ஏ. நேர்மறையாக இருந்தது. எனவே குறியேதும் இல்லாதவர் இச்சோதனை ஒன்றைக்கொண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இரட்டைச் சரட்டு டி.என்.ஏ. எதிர்ப்பொருளும் ‘எஸ்எம்’ எதிர்ப்பொருளும் லூபஸ் நோய்க்கே பெரிதும் உரியவை. இரத்தத்தில் சி3, சி4 என்னும் புரதங்கள் குறைதல் நோய் சீறுவதைக் காட்டலாம். முழு இரத்த அணுக் கணக்கீடு, கிரியாட்டினின், சிறுநீர்ச் சோதனை ஆகியன உடன் செய்யப்படும். சிறுநீரில் புரதம் மிகின், சிறுநீரகத் திசு எடுத்துப் பார்ப்பது தேவைப்படலாம்.

2019இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதவியல் அமைப்புகள் இணைந்து வெளியிட்ட வகைப்பாட்டு அளவீடு இங்கு கருதத்தக்கது. ஏ.என்.ஏ. குறைந்தது ஒருமுறையேனும் 1:80 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் நேர்மறையாக இருத்தல் அதன் நுழைவாயில். அதன்பின் ஒவ்வொரு குறிக்கும் மதிப்பெண் உண்டு: மூட்டழற்சி 6, முகத்தடிப்பு 6, தட்டணுக் குறைவு 4, சிறுநீரில் நாளொன்றுக்கு அரை கிராமுக்கு மேல் புரதம் 4, வாய்ப்புண் 2, முடியுதிர்வு 2, காய்ச்சல் 2 என அவை அமையும். ஒரே பிரிவிலுள்ள குறிகளுள் மிகுந்த மதிப்பெண் உடையது மட்டுமே கணக்கில் சேரும். மொத்தம் 10 மதிப்பெண்ணும், அதில் உடற்குறி ஒன்றேனும் இருத்தலும் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஏ.என்.ஏ. நேர்மறையான ஒரு பெண்ணுக்கு விரல் மூட்டழற்சியும், வாய்ப்புண்ணும், முடியுதிர்வும், சிறுநீரில் மேற்கூறிய அளவு புரதமும் இருப்பதாகக் கொள்வோம். வாய்ப்புண்ணும் முடியுதிர்வும் ஒரே பிரிவின ஆதலால் அவற்றுக்கு 2 மட்டுமே சேரும். மொத்தம் 6+2+4=12. முகத்தில் தடிப்பு ஏதுமின்றியே அவர் இவ்வகைப்பாட்டுக்குள் வந்துவிடுகிறார்.

இவ்வளவீட்டின் இரு விதிகள் குறிப்பிடத்தக்கவை. குறிகள் ஒரே காலத்தில் இருக்க வேண்டியதில்லை. ஒருமுறை தோன்றி மறைந்திருந்தாலும் கணக்கில் சேரும் என்பது முதல் விதி. ஒரு குறிக்கு லூபஸைவிடப் பொருத்தமான வேறு காரணம் இருப்பின் அதனைச் சேர்க்கலாகாது என்பது இரண்டாம் விதி. மறைந்துபோன குறியை மருத்துவர் நேரில் காண இயலாது. அதற்குச் சான்று வேண்டும். வேறு காரணம் உண்டா என்பதையும் ஆய்ந்தே முடிவுசெய்ய வேண்டும். வெயில் என்றோ உழைப்பு என்றோ முன்னரே தீர்மானித்துவிடலாகாது. இவ்வளவீடு ஆய்வுகளுக்காக வகுக்கப்பட்டது என்பதும், இறுதி முடிவு மருத்துவரின் மதிப்பீட்டையே சார்ந்தது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கவை.

5. நோயறிதலுக்கான வழி

தோலுக்கு ஒரு மருத்துவர், மூட்டுக்கு ஒருவர், காய்ச்சலுக்குத் தெருமுனை மருந்தகம் எனப் பிரிந்து செல்லும்போது, ஒவ்வொருவரும் காண்பது ஒரு துண்டை மட்டுமே. துண்டுகள் அனைத்தும் சேருமிடம் நோயாளி ஒருவரே. ஆதலால் அவர் கையிலுள்ள பதிவு மருத்துவச் சான்றின் மதிப்பைப் பெறுகிறது. பின்வருவன நடைமுறையில் செய்யத்தக்கவை:

1. பழைய சீட்டுகள், சோதனை முடிவுகள், மருந்து அட்டைகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்தல்.
2. தடிப்பு, வீக்கம், வாய்ப்புண் ஆகியவை தோன்றும்போதே கைப்பேசியில் பகல் வெளிச்சத்தில் படமெடுத்தல்.
3. காலையில் மூட்டு இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் குறித்தல்.
4. கருச்சிதைவு, காசநோய் மருத்துவம், குடும்பத்தில் இத்தகைய நோய் ஆகியவற்றை மறைக்காது கூறுதல்.
5. சிறுநீர்ச் சோதனையும் இரத்த அழுத்த அளவீடும் செய்யுமாறு கேட்டல்.

மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அருகிலுள்ள ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலோ தொடக்கச் சோதனைகளைச் செய்துகொண்டு, ஐயம் எழின் மக்கள் ‘ருமட்டாலஜி’ என வழங்கும் மூட்டு வாதவியல் துறையை அணுகலாம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறை உள்ளது. மூச்சுவிட இயலாமை, நெஞ்சுவலி, வலிப்பு, திடீர் மனக்குழப்பம், சிறுநீர் மிகக் குறைதல் ஆகியன தோன்றின் காத்திராது அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

6. பெயரை மறைத்தலின் விளைவு

நோய் உறுதியானபின் அப்பெயரை மறைக்கும் போக்கும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானரின் வாழ்வு இதற்குச் சான்றாகும். அவருடைய தந்தை 1941இல் லூபஸ் நோயால் இறந்தார். மகளுக்கும் அதே நோய் எனத் தெரிந்தபோது தாய் அதனை மறைத்தார். முடக்குவாதம் என்றே மகள் நம்பியிருந்தார். 1952இல் நண்பர் ஒருவர் வழியாகவே அவர் உண்மையை அறிந்தார். 1964இல் தம் 39ஆம் வயதில் காலமாகும் வரை, நோயின் பெயரை அறிந்தே அவர் வாழ்ந்தார், எழுதினார்.

தமிழ்ச் சூழலில் மறைத்தலுக்குத் திருமணம் காரணமாகிறது. பெயர் மறைக்கப்படின் தொடர் சோதனையும் மருந்தும் மறைவாகவே நடைபெற வேண்டியிருப்பதால், அவை விடுபடுகின்றன. மகப்பேற்றின்போது இதன் விளைவு கடுமையாகும். லூபஸ் உள்ளோருள் சிலருக்குக் காணப்படும் பாஸ்போலிப்பிடு எதிர்ப்பொருள்கள் மீண்டும் மீண்டும் கருச்சிதைவை ஏற்படுத்துகின்றன. ‘கரு தங்கவில்லை’ எனப் பெண்மீது சாற்றப்படும் பழி, மருத்துவத்தால் பெருமளவு தடுக்கத்தக்க ஒரு நிலையாக இருக்கக்கூடும். நோய் அடங்கியிருக்கும் காலத்தில், மருத்துவர் துணையோடு திட்டமிட்டுக் கருவுறும் பெண்கள் பலர் நலமுடன் மகப்பேறு அடைகின்றனர்.

7. அறிந்தபின் கிட்டுவது

1950களில் நோய் கண்டறியப்பட்டோருள் பாதிப்பேர்கூட ஐந்து ஆண்டுகள் உயிர்வாழவில்லை. இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள இடங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அக்காலத்தைக் கடக்கின்றனர். இம்மாற்றத்துக்கு அடிப்படையான மருந்துகளுள் ஒன்று, மலேரியாவுக்கென உருவான ஹைட்ராக்சிகுளோரோகுயின். 2020இல் கொரோனாவுக்கு இது பயன்படும் எனப் பரவிய கருத்தால் உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, நாள்தோறும் இதை உட்கொண்டுவந்த லூபஸ் நோயாளிகள் அல்லலுற்றனர். இம்மருந்தை நீண்டகாலம் கொள்வோர் மருத்துவர் கூறும் இடைவெளியில் கண் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாக ஒருபோதும் திடீரென நிறுத்தலாகாது.

வெயிலைத் தவிர்த்தல் மருத்துவத்தின் ஒரு பகுதி. மீன் விற்கும் பெண்ணுக்கு இவ்வறிவுரை, ‘பிழைப்பை விடு’ என்பதாகவே கேட்கும். முழுக்கைச் சட்டை, தலையை மூடும் துணி, குடை ஆகியன ஓரளவு உதவும். கூரையுள்ள அங்காடியில் அமரும் இடம் கிட்டுவது அவருக்கு வணிக வசதி மட்டுமன்று, மருந்தும் ஆகும். கடை ஒதுக்கீட்டிலும் கடைக்குள் இட அமைப்பிலும் இத்தகைய உடல்நிலை கருதப்படின், மருத்துவர் கூறும் அறிவுரை பின்பற்றத்தக்கதாகும்.

முடிவுரை

லூபஸ் நோயின் குறிகள் மறைந்திருப்பதில்லை. அவை கன்னத்திலும் விரலிலும் காலிலும் தெரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் உடனே ஒரு விடை கிடைத்துவிடுவதால் வினா எழாமல் போகிறது. கடற்கரைத் தொழிற்சூழலில் அவ்விடைகள் மேலும் எளிதாகக் கிடைக்கின்றன. இளம்பெண் ஒருத்திக்கு முகத்தடிப்பு, காலைநேர மூட்டு இறுக்கம், காரணமறியாக் காய்ச்சல், வாய்ப்புண், கால் வீக்கம் ஆகியவற்றுள் இரண்டோ மூன்றோ ஓரிரு ஆண்டுகளுக்குள் தோன்றியிருப்பின், அவற்றை ஒரே மருத்துவர் முன் ஒருசேர எடுத்துரைப்பதும், சிறுநீரைச் சோதித்துப் பார்ப்பதும் முதற்கடமையாகும். பெரும்பாலானோர்க்கு அது லூபஸ் அன்று என்றே தெரியவரும். சிலருக்கு அச்சோதனையே சிறுநீரகத்தைக் காக்கும்.